வியாழனுக்குக் குறுக்கே நின்ற கல்

தம்பி,

நீயும் பவானியும் சுகமாய்ப் போய் இறங்கி, புது வீட்டுத் திறப்பை வாங்கிக் கதவைத் திறந்து, முதல் நாள் வைத்த பருப்பை அடிப்பிடிக்கவும் விட்டுவிட்டீர்கள் என்று எழுதியிருந்தாய். அடுப்பில் பருப்பு இருப்பதே நினைவில்லாமல் இரண்டு பேரும் கதைத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். எனக்கு அது போதும். ஒன்றரை வருடமாக நெஞ்சுக்குள் பிடித்து வைத்திருந்த மூச்சை அந்தக் கடிதத்தை மடித்த பிறகுதான் முழுதாய் விட்டேன். உன் அப்பா பேப்பருக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன, காத்துக் கழண்டிட்டுதோ?" என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராய் இருக்கிற மனிசனுக்குப் பெண்சாதியின் பெருமூச்சும் டயரின் சத்தமாய்த்தான் கேட்கும்.

இதை உறையில் போட்டு ஒட்டாமல் பத்திரிகைக்குக் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கதை பருத்தித்துறைச் சந்தையில் மீன் விற்கிறவளுக்குத் தெரியும். நெல்லியடியில் சட்டை தைக்கிறவருக்குத் தெரியும். இரண்டு ஊருக்கும் இடையில் ஓடுகிற பஸ்ஸில் ஏறி இறங்கிய அத்தனை பேருக்கும் தெரியும், ஏனென்றால் நானே சொன்னேன். தெரியாத ஒரே ஆள் மாப்பிள்ளையாகிய நீதான். உன் கலியாணம் ஏன் அத்தனை காலம் இழுபட்டது, பிறகு ஏன் தலைதெறிக்க நாள் வைத்தோம், யாழ்ப்பாண ஸ்டேசனில் உன் வாய்க்குள் நான் ஏன் பயற்றம் பணியாரத்தை அடைத்தேன் என்பதெல்லாம் உனக்கு இன்னும் மர்மம். ஊர் அறிந்ததை நீயும் அறியவேண்டாமா? தாய்மார் எழுதும் கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டுமாம், இடைக்கிடை தெளித்திருக்கிறேன். பொறுக்க முடியாவிட்டால் பவானியைச் சத்தமாய் வாசிக்கச் சொல்லு. அவள் தன் பங்குக்கும் இரண்டு சேர்த்துச் சொல்லுவாள்.

எல்லாவற்றுக்கும் முதல் உன் எயார் மெயில்தான். அவுஸ்திரேலிய மலையுச்சியில் வானத்தைப் படம் பிடித்த கண்ணாடித் தகட்டில், எங்கேயோ கிடக்கும் நட்சத்திரக் கூட்டங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு சின்னக் கறுப்புக் கீறலைக் கண்டதாய் எழுதியிருந்தாய். நட்சத்திரங்களை விடாமல் பின்தொடர்ந்து படம் எடுப்பதால் அவை எல்லாம் புள்ளியாய் விழுமாம். தன்பாட்டில் நகர்கிற ஒன்று மட்டும் கோடாய் இழுபடுமாம். முதலில் மயிர் ஒட்டியிருக்கிறதென்று துடைத்தாயாம். அடுத்தடுத்த தகடுகளில் அது இடம் மாறி இடம் மாறி வந்தது. உலகத்தில் உள்ள இப்படியான கற்களுக்கெல்லாம் கணக்கு வைத்திருக்கிற அலுவலகத்துக்கு அறிவித்தாய். அவர்கள் பார்த்துவிட்டு, இது ஒருவருக்கும் தெரிந்த கல் அல்ல என்று, கார் நம்பர் மாதிரி ஆண்டோடு இரண்டு எழுத்தைச் சேர்த்து ஒரு தற்காலிகப் பெயரும் தந்தார்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் இருக்கிற சிறுகோள் பட்டையில் அது ஒன்று. சூரியனிலிருந்து நாங்கள் இருக்கிற தூரத்தைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்று அதிக தூரத்தில் ஓடுகிறது. ஒரு சுற்று வர நாலு வருடத்துக்கு மேல் செல்லும். பாதை சரியான வட்டம் அல்ல, கொஞ்சம் முட்டை வடிவம், எங்கள் பாதைக்குக் கொஞ்சம் சாய்வு. இவ்வளவும் எழுதிவிட்டு, அம்மாவுக்கு விளங்கட்டும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தாய்: "அகலம் எங்கள் வீட்டிலிருந்து நெல்லியடியில் பவானி வீட்டுக்குப் போகிற அளவு இருக்கும்." அந்த ஒரு வரிதான் தம்பி, எல்லா வினையும்.

ஏனென்றால் அதை நான் சந்தைக்குக் கொண்டுபோனேன். 'சிறுகோள்' என்கிற சொல் ஒரு தாயின் வாய்க்குப் போதாது. 'எனது மகன் ஒரு சிறு...' என்று தொடங்கினால் கேட்கிறவள் அடுத்த கூடைக்குப் போய்விடுவாள். ஆகவே கிரகம் என்றேன். மீன்காரி செல்லம் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னக்கா, உங்கடை மோன் கிரகம் பிடிச்சவனாம்?"

"பிடிக்கேல்லையடி, கண்டுபிடிச்சவன்."

"எவ்வளவு பெரிசு?"

"இஞ்சையிருந்து நெல்லியடி மட்டும்."

"அம்மாளாச்சி! வித்தால் என்ன வரும்?"

"அதை ஆரும் வாங்கிறேல்லை."

"அப்ப என்னத்துக்குக் கண்டுபிடிச்சவன்?" என்று கேட்டுவிட்டு அவள் பாரையை வெட்டத் தொடங்கினாள். எனக்கு அன்றைக்கே வாயை மூடத் தெரிந்திருக்க வேண்டும். நான் இரண்டாவது கூடைக்குப் போனேன்.

அந்த வெள்ளிக்கிழமை பவானியின் தகப்பன் மொறிஸ் மைனரில் வந்து இறங்கினார். ஊருக்குத் தலைமை பார்க்கிற விதானை வேலை ஒழிந்து எத்தனையோ வருடமாகியும் ஊருக்கு அவர் இன்னும் விதானையார்தான். வாசலுக்குள் வரும்போதே ஏதோ வழக்கு விசாரிக்க வந்த மாதிரித்தான் வருவார். உங்கள் சம்பந்தம் அதற்கு முதலே பேசி முடிந்த காரியம். பேராதனையில் படிக்கும்போதே நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டு எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள்; நாங்களும் தெரியாத மாதிரி இரண்டு சாதகத்தையும் சாத்திரியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, பொருத்தம் திறமாய் வந்ததும் ஆச்சரியப்பட்டோம். நாள் வைப்பதுதான் மிச்சம். மனிசன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோப்பியைத் தொடவில்லை.

"தங்கச்சி, சாத்திரியார் ஒண்டு சொல்லுறார்."

"என்னவாம் அண்ணை?"

"பிள்ளைக்கு இப்ப கலியாணம் வைக்கலாமெண்டு சொன்னதே வியாழ நோக்கத்தை நம்பி. வியாழன் வடிவாப் பாக்கவேணும். பாக்கிற வழியிலை உங்கடை பெடியன் ஊரளவு கல்லொண்டைக் கொண்டுபோய் வைச்சிருக்கிறான்."

"ஐயோ, அவன் வைக்கேல்லை அண்ணை. அது அங்கை கிடந்தது, இவன் கண்டவன்."

"காணாமல் விட்டிருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை. கண்டாப் பிறகு அது நிக்குதெல்லோ? செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நட்டநடுவிலை நிக்குது. பார்வையை மறைக்குமெண்டு சாத்திரியார் சொல்லுறார்."

சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. கல்லின் அகலத்தைக் கைவிரித்துக் காட்டி ஊருக்குச் சொன்னவள் நான். இப்போது அது சின்னக் கல் என்றால் யார் நம்புவார்கள்? "எப்ப விலத்துமெண்டு தம்பியைக் கேட்டு எழுதுறன்" என்று சொல்லி அனுப்பினேன். உன்னைக் கேட்டும் எழுதினேன். உனக்கு எவ்வளவு சந்தோசம்! அம்மா விஞ்ஞானம் கேட்கிறாள் என்று ஏழு பக்கத்தில், படமும் கீறி, அது விலகவே விலகாது, வியாழனின் இழுவையாலும் அந்தப் பட்டையை விட்டு வெளியே வராத அளவுக்குப் பத்திரமான பாதை, இன்னும் எத்தனையோ லட்சம் வருடம் அங்கேதான் சுற்றும் என்று பெருமையாய்ப் பதில் எழுதினாய். ஒரு தாய் தன் மகனின் கலியாணத்துக்கு இதைவிடக் கொடிய செய்தியைத் தபாலில் பெற்றிருக்க மாட்டாள். ஒரு பெண் திடீரென்று வானசாத்திரம் கேட்டால், அவள் ஏன் கேட்கிறாள் என்று முதலில் யோசி. இது உன் வீட்டுக்கும் பொருந்தும்.

கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. நெல்லியடிக்கு நானே போனேன். பஸ்ஸில் போகும்போது நல்ல வாதம் ஒன்று மனதில் வந்தது. எனக்கே என்மேல் மதிப்பு வந்துவிட்டது. விதானையாரின் முன்னால் போய் இருந்து எடுத்து விட்டேன்.

"அண்ணை, கல்லு இண்டைக்கு நேற்று வந்ததில்லை. உலகம் உண்டான காலம் தொட்டு அங்கைதான் கிடக்கு. அதைப்போலை ஆயிரக்கணக்கிலை கிடக்காம். நீங்கள் கலியாணம் கட்டேக்கையும் அது குறுக்கைதானே நிண்டிருக்கும்? உங்கடை சீவியத்துக்கு என்ன குறை வந்தது?"

அவர் வாயைத் திறப்பதற்குள் குசினி அடுப்படியிலிருந்து பவானியின் தாயின் குரல் வந்தது.

"ஓகோ! அதுதான் காரணமோ? இத்தினை வருசமா எனக்கு இது விளங்காமல் கிடந்தது."

என் வாதம் அந்த இடத்திலேயே செத்துப்போனது. விதானையார் முற்றத்து மாமரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்தேன். வாதத்தை எடுத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் போகும்போது, அந்த வீட்டுப் பெண்சாதி எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு போக வேண்டும். இதுவும் புத்திமதிதான்.

பிறகு கல் உங்கள் கண்ணுக்கும் மறைந்தது. சூரியனின் பக்கம் போய்விட்டது, இனி ஒரு வருடத்துக்கு மேல் பார்க்க முடியாது என்று எழுதினாய். அது விலகினதைக் காணாமல் விதானையார் நாள் வைக்கமாட்டார், ஒரு சுற்றுக்கு நாலு வருடம் என்றால் நாலு வருடம் அல்லவா காத்திருக்க வேண்டும் என்று நான் தலையில் கைவைத்தேன். உன் அப்பா அன்றைக்குத்தான் எங்கள் கலியாண வாழ்விலேயே நீளமான பேச்சைப் பேசினார்.

"இஞ்சை பார். ரெண்டு பஸ்ஸும் ஒரே சந்தியைத்தான் சுத்துது. உள் ரோட்டிலை எங்கடை பஸ், ஒரு வருசத்திலை சுத்தி வந்திடும். வெளி ரோட்டிலை கல்லு, நாலு வருசத்துக்கு மேலை. எங்கடை பஸ் ஒரு ரவுண்டு அடிச்சு வரேக்கை அது கொஞ்சத் தூரம்தான் போயிருக்கும். இன்னும் மூண்டு நாலு மாதம் பின்னாலை துரத்திக் கலைச்சால் பக்கத்திலை போய் நிக்கலாம். அப்ப தெரியும்." சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். தேன்நிலவுக்குக் கீரிமலைக்குப் போனபோதும் இந்த மனிசன் இவ்வளவு வடிவாய் எனக்கு ஒன்றும் சொன்னதில்லை.

அந்த ஒரு வருடமும் நெல்லியடியில் நடந்ததை உனக்கு ஒருவரும் எழுதவில்லை. பவானியும் எழுதியிருக்க மாட்டாள். புலோலியில் ஒரு டாக்குத்தர் மாப்பிள்ளை, கொழும்பில் வேலை, சாதகத்தில் வியாழன் பார்க்கத் தேவையே இல்லாத யோகம் என்று தரகர் வந்து போய்க்கொண்டிருந்தார். விதானையார் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. சந்தையில் என்னைக் கண்டால் பெண்கள் குரலைத் தாழ்த்தினார்கள். "உங்கடை கல்லு எழும்பிட்டுதோ?" என்று செல்லம் மட்டும் உரக்கக் கேட்பாள், வாதம் வந்து படுத்த கிழவரை விசாரிக்கிற மாதிரி. என் மகன் கண்ட ஒன்றால் என் மகனின் கலியாணம் குழம்புகிறது. அதை ஊருக்குள் உருட்டி விட்டவள் நான்.

ஒரு பின்னேரம் பள்ளிக்கூடம் விட்ட கையோடு பவானி வந்து நின்றாள். கணக்குப் படிப்பிக்கிறவளின் சேலை முழுக்கச் சோக்குத் தூள். முகம் அழுத முகம்.

"மாமி, அது துலைஞ்சு போச்சாம்."

"எது பிள்ளை?"

"கல்லு. திரும்ப வாற காலம் வந்திட்டுது. அவர் கணக்குப் பாத்த இடத்திலை தேடினவராம், அங்கை இல்லையாம். முதல் தரம் கொஞ்ச நாள்தானே கண்டது, அதாலை பாதை சரியாத் தெரியாதாம். இனி ஆரும் வேறை ஆள் கண்டுபிடிச்சால் அது அவையின்ரை கல்லாப் போடுமாம்."

நான் என்ன செய்தேன் என்று மறைக்காமல் சொல்லுகிறேன். அவளுடைய இரண்டு கையையும் பிடித்தேன். "துலைஞ்சுதோ? மெய்யாவோ? பிள்ளை, திருப்பி ஒருக்காச் சொல்லு!" என்றேன். என் முகம் எப்படி இருந்ததோ, அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"மாமி, உங்களுக்குச் சந்தோசமோ?"

"அடி விசரி, கல்லு இல்லையெண்டால் மறைப்பு இல்லை. மறைப்பு இல்லையெண்டால் கலியாணம்!"

"அதெனக்குத் தெரியும்" என்றாள். "நான் அதுக்கு அழேல்லை. அவர் சாப்பிடுறாரோ தெரியேல்லை. கடிதத்திலை எழுத்தெல்லாம் கோணல். கல்லு கிடைக்கவேணும் மாமி. கிடைச்சு, உவையள் எனக்கு இன்னும் ரெண்டு வருசம் நாள் வைக்காட்டிலும் பறவாயில்லை. டாக்குத்தரை நான் கட்டமாட்டனெண்டு அப்பாவுக்குச் சொல்லிப்போட்டன். கல்லு கிடைக்கவேணும்."

உன்னைப் பெற்றவள் நான். உனக்குப் பிடித்த மீன், பிடிக்காத கீரை, எந்தச் செவியில் குத்து வரும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் நீ அந்த மலையில் வெறும் கண்ணாடித் தகட்டைப் பார்த்துக்கொண்டு தனியாய் இருந்தாய் என்பது, அந்தப் பிள்ளை சொல்லும்வரை எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பந்தல். ஆகவே ஒன்றைத்தான் உறுதியாய்ச் சொல்லுவேன்: இனி ஏதாவது தொலைந்தால் முதலில் அவளுக்குச் சொல்லு. எனக்குப் பிறகு சொன்னால் போதும்.

அன்றைக்கே நாங்கள் இரண்டு பேரும் பிள்ளையார் கோவிலுக்குப் போனோம். அவள் கல் கிடைக்கவேண்டும் என்று கும்பிட்டாள். நானும் அதையேதான் கும்பிட்டேன். ஆனால் வரிசை சொல்லிக் கொடுத்தேன். முதலில் தாலி, பிறகு கல். பிள்ளையார் அவசரப்பட்டு மாற்றிச் செய்துவிட்டால் யார் பொறுப்பு?

மறுநாள் வெள்ளைச் சேலை மாதிரி ஒன்றை உடுத்துக்கொண்டு, இழவு சொல்லப் போகிறவளின் முகத்தோடு நெல்லியடியில் இறங்கினேன். "அண்ணை, தம்பியின்ரை கல்லு துலைஞ்சு போச்சு" என்று கதிரையில் சரிந்தேன். விதானையார் துள்ளி எழும்பினார். பிறகு, ஒருவருடைய பொருள் தொலைந்த இடத்தில் துள்ளக்கூடாது என்று நினைவு வந்து மெதுவாய் இருந்தார். "அடடா. நல்ல கல்லு" என்றார். சாத்திரியாரைக் கூட்டிவர ஆள் போனது. அவர் வந்து பஞ்சாங்கத்தை விரித்து, விரலை மடித்து, வழி திறந்துவிட்டது, இந்த ஆவணிக்குள் முடியுங்கள், பிறகு எது எங்கே வந்து நிற்குமோ தெரியாது என்றார். உள்ளே உலக்கைச் சத்தம் கேட்டது. பவானியின் தாய் அதற்கிடையில் பலகாரத்துக்கு மா இடிக்கத் தொடங்கிவிட்டார்.

இனி ஸ்டேசன். உன்னை எதிர்கொள்ள நாங்களும் வந்தோம், விதானையாரும் மாலையோடு வந்தார். நீ லீவு எடுத்துப் புறப்பட்டு வருகிறாய், தொலைத்த துக்கத்தில் மெலிந்து வருவாய் என்று நான் பயற்றம் பணியாரம் சுட்டுக் கொண்டுவந்திருந்தேன். ரெயில் நின்றது. நீ பெட்டியும் கையுமாய்ச் சிரித்துக்கொண்டு குதித்தாய். "அம்மா! கிடைச்சிட்டுது! நான் பிளேன் ஏறிற அண்டைக்கு..." அதற்கு மேல் உன்னால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் முழுப் பணியாரம் ஒன்று உன் பல்லுக்கு உள்ளே இருந்தது. நீ விழுங்குமுன் இரண்டாவதையும் அடைத்தேன். "பிள்ளைக்குப் பசி" என்று விதானையாருக்குச் சொன்னேன். அவர் மாலையைப் போட்டார். வாய் நிறையப் பணியாரமும் கண் நிறையத் தண்ணீருமாய் நீ மாமனாரைக் கும்பிட்டாய். மரியாதையான மாப்பிள்ளை என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, "தாலி ஏறுமட்டும் கல்லெண்ட சொல் உன்ரை வாயிலை வரப்படாது" என்றேன். ஏன் என்று கேட்டாய். வயது போன தாயைக் கேள்வி கேட்காதே என்றேன். தாலிக்குப் பொன்னுருக்கிய அன்று நீ தட்டானுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவு. உன் சந்தோசத்தை ஒரு கிழமை, ஏழு நாளும், நான் பூட்டி வைத்தேன். பவானிக்கு மட்டும் காதோடு சொன்னேன். அவள் மா இடித்த உரலில் சாய்ந்துகொண்டு சிரித்த சிரிப்பை நீ பார்க்கவில்லை. நான் உனக்காகப் பார்த்து வைத்திருக்கிறேன்.

தாலி ஏறியது. மேளம் அடித்து ஓய்ந்தது. நான் அப்போதுதான் முதுகை நிமிர்த்தினேன். வாழ்த்துத் தந்தி வாசிக்க உன் அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன், அந்த இங்கிலிஷ் வாத்தியார், லவுட்ஸ்பீக்கரைப் பிடித்தார். மலேயாத் தந்தி, கொழும்புத் தந்தி எல்லாம் போயின. பிறகு அவுஸ்திரேலியத் தந்தி. உன்னோடு வேலை செய்கிற வெள்ளைக்காரப் பொடியனுக்கு எங்கள் ஊர் விசயம் என்ன தெரியும்? வாத்தியார் இங்கிலிஷில் ஒருதரம் வாசித்து, கண்ணாடியை உயர்த்தி, தமிழில் பந்தல் அதிரச் சொன்னார்: "மணமகளையும், தொலைந்த கல்லையும் ஒருங்கே அடைந்த நண்பனுக்கு இரட்டை வாழ்த்து! சபையோரே, தம்பியின்ரை கல்லு கிடைச்சிட்டுதாம்!"

பந்தலில் விசிறி ஆட்டிய கைகள் நின்றன. தாலி கழலாது, அது எனக்குத் தெரியும். ஆனால் இனி அந்தப் பிள்ளைக்கு ஒரு தலையிடி வந்தாலும் கல்லால் வந்தது என்பார்கள். உங்களுக்குள் ஒரு சின்னச் சண்டை வந்தாலும் வியாழன் பார்க்கவில்லை என்பார்கள். மறைப்புக்குள் கட்டிய தாலி என்கிற பேச்சு, நீங்கள் அவுஸ்திரேலியாவுக்கு ஓடினாலும் பின்னால் வரும். விதானையார் சாத்திரியாரைப் பார்த்தார். சாத்திரியார் வெற்றிலையை மெல்லாமல் உன்னைப் பார்த்தார்.

"தம்பி, அந்தக் கல்லு எவடத்திலை கிடைச்சது?"

ஒரு கிழமையாய் அடைத்து வைத்த வாய்! தலைப்பாகை ஒரு பக்கம் சரிய, மணவறையில் இருந்தபடியே நீ தொடங்கினாய். "நாங்கள் நிக்குமெண்டு கணக்குப் பாத்த இடத்திலை நிக்கேல்லை ஐயா. அதாலைதான் துலைஞ்சதெண்டு நினைச்சம். கூட்டாளி சுத்திவரப் படம் எடுத்துப் பாத்தவன். அது விலத்தி நிண்டது."

"விலத்தியோ?"

"ஓம். பூரணச் சந்திரனை நாலைஞ்சு பக்கம் பக்கமா அடுக்கினால் எவ்வளவு, அவ்வளவு விலத்தி."

சாத்திரியார் வெற்றிலையை விழுங்கிவிட்டார். "அப்பிடிச் சொல்லு! நானும் அதைத்தானே யோசிச்சனான். விலத்தி வழி விட்டிட்டுது. வியாழன் பாக்கிறார், வடிவாப் பாக்கிறார். மேளம்! என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள், அடியுங்கோ மேளத்தை!"

நீ உன் கணக்கின் பிழையைச் சொன்னாய். அவர் அதைக் கல்லின் மரியாதையாய் எடுத்துக்கொண்டார். 'நான் சொன்ன இடத்திலேயே சரியாய் நின்றது' என்று நீ கொஞ்சம் பெருமை அடித்திருந்தால் அன்றைக்குப் பந்தியில் ஒருவரும் பாயசம் குடித்திருக்க மாட்டார்கள். உன் தாய் பெருமை அடித்ததால் வந்ததெல்லாம் நீ அடிக்காததால் போனது. இந்த ஒரு விசயத்தில் நீ அப்பாவைப்போல இருந்துகொள். சாப்பாட்டு நேரம், இன்னும் இரண்டு மூன்று தரம் கண்டு பாதை உறுதிப்பட்டால் எண் தருவார்கள், பிறகு பெயரும் நானே வைக்கலாம் என்று நீ சொன்னபோது, பவானியின் தாய் சோற்றுக் கரண்டியோடு நின்றுகொண்டு, "மாமாவின்ரை பேரை வையுங்கோ தம்பி. அவரும் எதுக்கும் குறுக்கை நிக்கிறவர்தானே" என்றது உனக்குக் கேட்டதோ தெரியாது. விதானையாருக்குக் கேட்டது. இன்னும் ஒரு அப்பளம் கேட்டு வாங்கினார்.

நீங்கள் போன பிறகு, போன கிழமை அவர் கப்பல் வாழைக்குலை ஒன்றோடு வந்தார். இந்த முறை கோப்பியைக் குடித்தார். குடித்து முடித்துக் கோப்பையைக் கவனமாய் வைத்தார்.

"தங்கச்சி, ஒண்டு சொல்லுறன், கோவிக்கப்படாது."

"சொல்லுங்கோ அண்ணை."

"ஸ்டேசனிலை தம்பி 'கிடைச்சிட்டுது' எண்டு சொன்னவன். நீ பணியாரம் எடுக்க முன்னமே எனக்குக் கேட்டிட்டுது."

நான் கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்தேன். "பிறகு ஏன் ஒண்டும் சொல்லாமல் மாலையைப் போட்டனீங்கள்?"

அவர் வாசல் படலைப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டார், சாத்திரியார் வருகிறாரோ என்று. "பிள்ளை அந்த ஒரு வருசமும் வீட்டிலை சிரிக்கேல்லை. டாக்குத்தர் வேண்டாமெண்டு என்ரை முகத்துக்கு நேரை சொன்னவள். கல்லு துலைஞ்சதெண்டு நீ வந்து அழ, எனக்கு எழும்பி ஆடவேணும் போலை கிடந்தது. திரும்பவும் கிடைச்சுதெண்டால் ஒரு தகப்பன் என்ன செய்யிறது? காது கேக்கேல்லையெண்டு விட்டிட்டன். பந்தலிலை வாத்தியார் வாசிக்கேக்கைதான் செத்துப் பிழைச்சன்."

"நானும்தான் அண்ணை."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். உன் அப்பா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒன்றரை வருடம் விதானையாருக்கு நானும் எனக்கு அவரும் ஒளித்ததை நினைத்தால், வானத்தில் நீ தேடியது லேசான வேலைதான் தம்பி.

படலை வரைக்கும் போனவர் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "அது இப்ப எப்பிடி, சுகமோ?"

"பவானியோ? சுகமாம். பருப்பு அடிப்பிடிச்சுதாம்."

"அவளுக்கென்ன. நான் கேக்கிறது... மற்றது. கல்லு."

"சுகமாம் அண்ணை. தன்ரை பாட்டிலை சுத்துதாம்."

"சுத்தட்டும், சுத்தட்டும்" என்றார். "தனியப் போறது, பாவம். கவனமாப் பாக்கச் சொல்லி எழுது."

எழுதிவிட்டேன். நீ பதில் போடும்போது உங்கள் இரண்டு பேரின் சுகத்துக்குக் கீழே அதன் சுகத்தையும் தனி வரியில் எழுது. நெல்லியடியில் ஒருவர் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அம்மா